நாட்டுக்கு நாடு வீட்டுச் செலவை ஒப்பிட: கொழும்பிலிருந்து எட்டக்கூடிய தரவுச் சேவைகள் பற்றி ஒரு மதிப்பீடு

ரொறன்ரோவில் நாலு பேர் கொண்ட குடும்பத்துக்கு மாதம் எவ்வளவு போகும்? சென்னையில் பிள்ளையைப் படிக்க விட்டால் கையைக் கடிக்குமா? லண்டன் சம்பளத்தில் எவ்வளவு மிஞ்சும்? வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இந்தக் கேள்விகள் எழாத வீடு குறைவு. பதில் தேடுகிறவர்களுக்கு இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவை இரண்டு வகை. ஒன்று, நம்பியோ (Numbeo) போன்ற விலை ஒப்பீட்டுத் தளங்கள். மற்றது, ஒவ்வொரு நாட்டின் புள்ளிவிபரத் திணைக்களமும் வெளியிடும் குடும்பச் செலவு அளவீடுகள். முதலாவது கையாள எளிது. ஆனால் அது விலையைச் சொல்லுமே தவிர செலவைச் சொல்லாது. இரண்டாவதுதான் செலவைச் சொல்லும். ஆனால் அதன் அட்டவணைகளை அப்படியே பக்கத்தில் பக்கம் வைத்தால் தவறான முடிவுக்குத்தான் போவோம். முக்கியமாக அட்டவணையில் வீட்டு வாடகை என்ற ஒரு வரி எல்லாக் கணக்கையும் குழப்பிவிடும். அதைச் சரிசெய்யத் தெரிந்தால் மற்றவை வசப்படும்.

முதலில் நம்பியோ. பாவனையாளர்கள் உள்ளிடும் விலைகளைத் திரட்டி, மிகக் கூடினதையும் மிகக் குறைந்ததையும் கழித்து, சராசரி காட்டும் தளம் இது. சுட்டெண்ணுக்கு நியூயோர்க் 100. கொழும்புக்கு எதிரே 30 என்று போட்டிருந்தால், அதே பொருட்களை அதே அளவில் வாங்க நியூயோர்க்கில் 100 டொலர் போகும் இடத்தில் இங்கே 30 டொலர் போகும் என்பதே பொருள். "அதே பொருட்கள்" என்பதில்தான் சிக்கல். பட்டியலில் கப்புச்சினோ இருக்கிறது, லீவைஸ் ஜீன்ஸ் இருக்கிறது, மார்ல்பரோ சிகரெட் இருக்கிறது. கொழும்புச் சமையலறையில் தினம் உடையும் தேங்காய்க்குப் பட்டியலில் ஒரு வரி இல்லை. கருவாடு, 400 கிராம் பால்மாப் பக்கெட், 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர், டியூஷன் வகுப்புக் கட்டணம் எதற்கும் இடமில்லை. அரிசிக்கு ஒரே வரி: "வெள்ளை அரிசி, 1 கிலோ". நாடு, சம்பா, கீரிச்சம்பா, சிவப்புப் பச்சை என்று விலையும் பாவனையும் வேறுபடும் ஊரில் அந்த ஒரு வரியை யார் எதை நினைத்து நிரப்பினார்கள் என்று கண்டுபிடிக்க முடியாது.

இன்னும் தெளிவான உதாரணம் கார். தளத்தின் பட்டியலில் புதிய டொயோட்டா கொரோலா அல்லது அதையொத்த காரின் விலை கேட்கப்படுகிறது. இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் புதிய காரின் கடை விலை என்று ஒன்று இங்கே இருந்ததாகச் சொல்வதே கடினம். அந்தக் கட்டத்தில் விழுந்த எண்களை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது. வாடகை வரியிலும் குறை உண்டு. ஒரு படுக்கையறை வீடு நகர மையத்தில் எவ்வளவு, வெளியே எவ்வளவு என்று காட்டும். கொழும்பில் தொடர்மாடி எடுக்கும்போது கேட்கப்படும் ஆறு மாத, ஒரு வருட முற்பணத்துக்கு இடமில்லை. கையில் ரொக்கம் இல்லாத குடும்பத்துக்கு முதல் மாதச் செலவில் பெரியது அதுதான்.

இவ்வளவு குறை இருந்தும் நம்பியோவை ஒதுக்கத் தேவையில்லை. ஒரு நகரத்தில் பஸ் மாதச் சீட்டு, ஒரு டசின் முட்டை, 85 சதுர மீற்றர் வீட்டுக்கு மின்சாரமும் தண்ணீரும் சேர்த்த கட்டணம் என்று தனித்தனி வரிகளைப் பார்க்க அது நல்ல கருவி. சுட்டெண்ணை விட்டுவிடுங்கள், வரிகளை எடுங்கள். வரிக்குப் பக்கத்தில் காட்டப்படும் விலை வீச்சையும் பாருங்கள். கீழ் எல்லைக்கும் மேல் எல்லைக்கும் மூன்று மடங்கு வித்தியாசம் என்றால் நடுவில் உள்ள சராசரிக்கு மதிப்பில்லை.

அடுத்தது நம் ஊர்த் தரவு. பத்தரமுல்லையில் இருக்கும் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் வீட்டு வருமான, செலவின அளவீடு. அறிக்கையைத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இலவசமாகப் பெறலாம். 2019 சுற்றுக்கு 25,000 வீடுகள் மாதிரியாக எடுக்கப்பட்டன. வருடத்தின் பன்னிரண்டு மாதங்களுக்கும் பிரித்து நேர்காணல் நடந்தது. புத்தாண்டு, பொங்கல், பாடசாலைத் தவணை என்று செலவு ஏறி இறங்கும் காலங்கள் எல்லாம் கணக்கில் விழவேண்டும் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். ஒரு குடும்பத்தின் சராசரி மாதச் செலவு 63,130 ரூபா. அதில் உணவுக்கு 35.1 வீதம். சராசரிக் குடும்ப அளவு 3.7 பேர்.

இந்த அறிக்கையின் பலம் இரண்டு. முதலாவது, தன் தோட்டத்து மரவள்ளியும் உறவினர் கொடுத்தனுப்பிய அரிசியும்கூட சந்தை விலைக்கு மதிப்பிடப்பட்டுச் செலவில் சேர்கின்றன. காசு கைமாறாத உணவை விட்டுவிட்டால் கிராமத்துச் சாப்பாடு உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். இரண்டாவது, நகரம், கிராமம், பெருந்தோட்டம் என்று மூன்றாகப் பிரித்துத் தருகிறது. நாட்டுக்கு 35.1 என்றாலும் தோட்டப்புறக் குடும்பங்கள் ஏறக்குறைய பாதிச் செலவை உணவுக்கே கொடுக்கின்றன. "இலங்கைக் குடும்பம்" என்று ஒரே எண்ணை வெளிநாட்டோடு ஒப்பிடுகிறவர்கள் இந்த இடைவெளியை மறைத்துவிடுகிறார்கள். சராசரி மாத வருமானம் 76,414 ரூபா, இடைநிலை வருமானம் 53,333 ரூபா. நடுவில் நிற்கும் குடும்பம் சராசரியைவிட 23,000 ரூபா கீழே இருக்கிறது. உங்கள் வீட்டைச் சராசரியோடு ஒப்பிட்டு மனம் நொந்துபோகாமல், பத்துப் பத்து வீதமாகப் பிரித்த வருமான அட்டவணையில் உங்கள் படி எது என்று பாருங்கள்.

பலவீனம் வயது. 2019இன் எண்கள் நெருக்கடிக்கு முந்தியவை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி வருடாந்தப் பணவீக்கம் 69.8 வீதம், உணவுக்கு மட்டும் 94.9 வீதம். பலர் 2019 செலவை இந்தச் சுட்டெண்ணால் பெருக்கி "இன்றைய செலவு" என்று எழுதுகிறார்கள். தொகையை மட்டும் தேடினால் அது பரவாயில்லை. பங்குகளை அப்படிப் புதுப்பிக்க முடியாது. விலை இரட்டிப்பானபோது மீனைக் குறைத்தவர்கள், பால்மாவை நிறுத்தியவர்கள், ஓட்டோவை விட்டு பஸ் ஏறியவர்கள் எத்தனை பேர் என்பது விலைச் சுட்டெண்ணுக்குத் தெரியாது. அது பழைய கூடையையே தூக்கிக்கொண்டு போகும்.

விலைச் சுட்டெண்ணின் நிறைகளை, அதாவது ஒவ்வொரு பொருள் வகைக்கும் அந்தக் கணக்கில் கொடுக்கும் முக்கியத்துவத்தை, செலவுப் பங்குகளாக எடுப்பதும் பரவலான பிழை. 2021ஐ அடிப்படையாகக் கொண்ட கொழும்புச் சுட்டெண்ணில் உணவின் நிறை 26 வீதத்தை ஒட்டியது, தேசியச் சுட்டெண்ணில் 39 வீதத்தை ஒட்டியது. முன்னது கொழும்பு மாவட்டத்தின் நகர்ப்புறக் குடும்பங்களுக்கு மட்டும் உரியது. ஒரே நாட்டுக்குள்ளேயே இவ்வளவு தூரம் என்றால், "இலங்கையின் உணவுப் பங்கு" என்று யாராவது எண் சொல்லும்போது அது எந்த ஆவணத்தின் எண் என்று முதலில் கேட்கவேண்டும்.

இந்தியாவின் குடும்ப நுகர்வுச் செலவு அளவீடு 2022-23 சுற்றோடு மீண்டும் வெளிவரத் தொடங்கியது. 2017-18 சுற்றின் முடிவுகளை அரசு வெளியிடாததால் 2011-12க்குப் பிறகு நீண்ட வெற்றிடம் இருந்தது. அங்கே கணக்கு குடும்பத்துக்கு அல்ல, ஆளுக்கு. ஒரு ஆளின் மாதச் செலவு கிராமத்தில் 3,773, நகரத்தில் 6,459 இந்திய ரூபா. தமிழ்நாட்டு நகரங்களில் 7,630. உணவுப் பங்கு கிராமத்தில் 46.38, நகரத்தில் 39.17 வீதம். மாநிலவாரி எண்கள் இருப்பது சென்னை, திருச்சி பக்கம் பிள்ளைகளை அனுப்ப நினைக்கும் குடும்பங்களுக்கு உண்மையிலேயே உதவும்.

அமெரிக்கத் தொழிற் புள்ளிவிபரப் பணியகத்தின் நுகர்வோர் செலவு அளவீடு, பாவனைக்கு எடுத்தால், இவை எல்லாவற்றிலும் சிறந்தது. வருடாவருடம் வருகிறது, எக்செல் அட்டவணைகளாகக் கிடைக்கிறது, வருமானம், குடும்ப அளவு, வயது, பெருநகரம் என்று எப்படி வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம். 2023இல் ஒரு குடும்பத்தின் வருடச் செலவு சராசரியாக 77,280 டொலர். வீடு 32.9, போக்குவரத்து 17.0, உணவு 12.9, காப்புறுதியும் ஓய்வூதியமும் 12.4, சுகாதாரம் 8.0 வீதம். கனடாவின் அளவீடு 2023க்கு வருடம் 76,750 கனேடிய டொலர் என்கிறது, வீட்டுக்கு மூன்றில் ஒரு பங்கை ஒட்டிப் போகிறது. ஒன்ராறியோவுக்கு அட்டவணையில் தனி வரி உண்டு. பிரித்தானியா வாரக் கணக்கில் தரும்: 2023 மார்ச்சில் முடிந்த நிதியாண்டுக்கு வாரம் 567.70 பவுண். அங்கே தெரிவான குடும்பங்கள் இரண்டு வாரத்துக்கு வாங்கியதை எல்லாம் குறிப்பேட்டில் எழுதவேண்டும். ஏழு முதல் பதினைந்து வயது வரையான பிள்ளைகளும் தங்கள் கைச்செலவைத் தனியாக எழுதுவார்கள். கடையில் தின்ற சின்னச் சின்னத் தின்பண்டங்கள் தப்பாமல் விழுவது அதனால்தான். அவுஸ்திரேலியாவின் விரிவான அளவீடு 2015-16இல் நின்றுவிட்டது. மெல்பேர்ணுக்குப் போகிறவர்கள் அதை நம்பவேண்டாம்.

இனி அந்த வாடகை வரி. சொந்த வீட்டில் இருப்பவர் வாடகை கொடுப்பதில்லை. ஆனால் அந்த வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தால் எவ்வளவு கொடுக்கவேண்டி வந்திருக்கும் என்று மதிப்பிட்டு, இலங்கை அளவீடு அதைச் செலவில் சேர்க்கிறது. இந்தியா தன் ஆள்வாரி மாதச் செலவில் அதைச் சேர்ப்பதில்லை. அமெரிக்க அட்டவணையில் மதிப்பிட்ட வாடகை மொத்தத்துக்குள் இல்லை. அங்கே சொந்த வீட்டுக்காரரின் வீட்டுக் கடன் வட்டி, சொத்து வரி, காப்புறுதி, திருத்தவேலை ஆகியவை செலவு. கடனின் முதலைத் திருப்பிக் கட்டுவது செலவு அல்ல, சேமிப்பாகப் பார்க்கப்படுகிறது. பிரித்தானியா இன்னொரு வழி போகிறது. "வீடு, எரிபொருள், மின்சாரம்" என்ற தலைப்பில் வாடகை இருக்கும், அதுவும் அரசின் வீட்டு உதவியைக் கழித்த பின். வீட்டுக் கடன் வட்டியும் உள்ளூராட்சி வரியும் "ஏனைய செலவுகள்" என்ற கடைசித் தலைப்புக்குள் போய் ஒளிந்திருக்கும். லண்டனில் கடன் கட்டும் உறவினர் ஒருவர் அந்த வீட்டுத் தலைப்பின் எண்ணைப் பார்த்து "இவ்வளவு குறைவா?" என்று வியப்பதற்குக் காரணம் இதுதான். வீட்டுச் செலவுக்கு என்று தனியாக வெளியிடப்படும் அட்டவணையைத் திறந்தால் கடனும் சேர்ந்த முழு எண் கிடைக்கும்.

இதனால் என்ன ஆகும் என்று ஒரு கணக்கில் பாருங்கள். இந்திய நகரத்தின் உணவுப் பங்கு 39.17. அந்த 100 ரூபா மொத்தத்தில் சொந்த வீட்டின் மதிப்பிட்ட வாடகை இல்லை. உதாரணத்துக்கு அது 10 ரூபா என்று வைத்துச் சேர்த்தால் மொத்தம் 110 ஆகும், உணவு 39.17 ரூபாவாகவே நிற்கும். பங்கு 35.6 வீதம். ஒருவரும் ஒரு பிடி சோறு கூடவோ குறையவோ சாப்பிடாமலே மூன்றரை வீதப் புள்ளி கரைந்துவிட்டது. "இந்திய நகரத்தார் நம்மைவிட உணவுக்குக் கூடக் கொடுக்கிறார்கள்" என்ற வாதத்தின் பெரும்பகுதி இந்த ஒரு கணக்கியல் வேறுபாட்டுக்குள் அடங்கிவிடலாம். ஆகவே எந்த இரு நாட்டை எடுத்தாலும் முதல் வேலை, இரண்டு பக்கமும் மதிப்பிட்ட வாடகையை நீக்குவது. அது முடியாவிட்டால், வீட்டுத் தலைப்பை முழுவதும் இருபுறமும் எடுத்துவிட்டு, மிச்சத்தை நூறாக வைத்துப் பங்குகளைப் போடுவது. இரண்டாவது வழி கரடுமுரடானது, ஆனால் பொய் சொல்லாது.

உணவு வரியிலும் ஒரு பொறி இருக்கிறது. இரவுக்கு வெள்ளவத்தைக் கடையில் வாங்கிவரும் இடியப்பப் பார்சலை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கை அளவீட்டில் அது தயாரித்த உணவு, ஆகவே உணவுத் தலைப்புக்குள். பிரித்தானிய அட்டவணையில் அதே பார்சல் "உணவகங்கள், ஹோட்டல்கள்" தலைப்புக்குப் போகும், வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பிட்டாலும்கூட. அமெரிக்காவில் "வீட்டுக்கு வெளியே உணவு". 2023இல் அங்கே வீட்டு உணவுக்கு 6,053 டொலர், வெளி உணவுக்கு 3,933 டொலர். இணையத்தில் சுற்றும் உலக வரைபடங்களில் அமெரிக்கா உணவுக்கு 7 வீதத்துக்கும் குறைவாகக் கொடுக்கிறது, நைஜீரியா 59 வீதம் கொடுக்கிறது என்று காட்டுவார்கள். அவை வீட்டுக்கென வாங்கிய உணவை மட்டும் எண்ணும் வரைபடங்கள். திசை சரிதான். வருமானம் ஏற ஏற உணவின் பங்கு இறங்கும் என்று ஜெர்மன் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கல் 1857லேயே பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் கணக்கை வைத்து எழுதிவிட்டார். ஆனால் 35.1க்குப் பக்கத்தில் அந்த 7ஐ வைத்தால் பார்சல் வாங்கும் நாட்டையும் பார்சலை எண்ணாத கணக்கையும் ஒப்பிட்டதாகிவிடும். சாராயமும் சிகரெட்டும் இலங்கையில் உணவல்லாத செலவு, அதையும் கவனியுங்கள்.

அமெரிக்க மொத்தத்துக்குள் சமூகப் பாதுகாப்பு வரியும் ஓய்வூதியப் பங்களிப்பும் இருக்கின்றன. நம் ஊழியர் சேமலாப நிதிக்குப் பிடிபடும் 8 வீதத்தை யாரும் வீட்டுச் செலவு என்று நினைப்பதில்லை. எனவே அந்த 12.4 வீதத் தலைப்பை எடுத்துவிட்டால் மொத்தம் ஏறக்குறைய 67,700 டொலராகும், உணவு 12.9இலிருந்து 14.7 வீதத்துக்கு ஏறும். சுகாதாரத்தை எடுக்கவேண்டாம், ஆனால் அடிக்குறிப்போடு வையுங்கள். கொழும்புத் தேசிய வைத்தியசாலையில் இலவசமாகக் கிடைக்கும் சிகிச்சைக்கு நம் அட்டவணையில் தொகை விழுவதில்லை. இலவசப் பல்கலைக்கழகமும் அப்படியே. கல்விக் கட்டத்தில் நம்மிடம் விழுவது பெரும்பாலும் டியூஷன் காசு.

கணக்குத்தாள் போடும்போது முதலில் எல்லாவற்றையும் மாதத்துக்கு மாற்றுங்கள். பிரித்தானிய வார எண்ணை நாலால் பெருக்குவது பிழை, 52ஆல் பெருக்கி 12ஆல் வகுக்கவேண்டும். 567.70 பவுண் அப்படி 2,460 ஆகும். நாலால் பெருக்கினால் 2,271தான் வரும், மாதம் கிட்டத்தட்ட 190 பவுண் காணாமல் போகும். அமெரிக்காவின் 77,280 மாதம் 6,440. அடுத்து குடும்ப அளவு. அமெரிக்கச் சராசரி 2.5 பேர், நம்முடையது 3.7. ஆளால் வகுத்தால் அரிசிக்கும் பஸ்ஸுக்கும் பொருந்தும், வாடகைக்கும் எரிவாயுவுக்கும் பொருந்தாது. நாலு பேருக்குச் சமைக்க இரண்டு பேருக்குச் சமைப்பதைவிட இரட்டிப்பு எரிவாயு போவதில்லை. ஆகவே வகுப்பதைவிட, உங்கள் வீட்டளவுக்குரிய அட்டவணையை எடுப்பது மேல். அமெரிக்கத் தரவில் நாலு பேர் கொண்ட குடும்பத்துக்குத் தனி நிரல் இருக்கிறது. பிறகு வீடு, வெளி உணவு, ஓய்வூதியம் மூன்றையும் மேலே சொன்னபடி சரிசெய்துவிட்டுப் பங்குகளைப் போடுங்கள். பங்குகளுக்கு நாணய மாற்றே வேண்டாம் என்பது இந்த முறையின் பெரிய வசதி.

தொகைகளையே ஒப்பிடவேண்டும் என்றால் மாற்று வீதம் தேவை. 63,130ஐ 3.7ஆல் வகுத்தால் ஆளுக்கு 17,062 ரூபா. 2019இல் ஒரு இந்திய ரூபாவுக்கு நம் இரண்டரை ரூபா அளவில் போனது. ஆகவே ஏறக்குறைய 6,800 இந்திய ரூபா, தமிழ்நாட்டு நகரத்தின் 7,630க்குக் கிட்ட. பார்க்க நன்றாக இருக்கிறது, ஆனால் மூன்று இடத்தில் ஓட்டை. வருடம் வேறு, நம் பக்கத்தில் மதிப்பிட்ட வாடகை இருக்கிறது, நம்முடையது கிராமமும் சேர்ந்த முழு நாட்டு எண். வங்கியின் மாற்று வீதமும் வாங்கும் சக்தியைக் காட்டாது. 2022 மார்ச்சுக்கும் மே மாதத்துக்கும் இடையில் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை போனது. அந்த இரண்டு மாதத்தில் கொழும்புச் சமையலறை அப்படிப் பாதியாகச் சுருங்கவில்லை. இதற்கு உலக வங்கியின் சர்வதேச ஒப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. 2021 சுற்றின் முடிவுகள் 176 பொருளாதாரங்களுக்கு 2024 மே மாதம் வெளியாகின. அதில் வாங்கும் சக்தி மாற்றுக் காரணி, அதாவது ஒரே பொருட்களை இரு நாட்டிலும் வாங்கத் தேவையான தொகைகளை ஒப்பிட்டுப் பெறும் மாற்று வீதம், இரண்டு வகை வரும். மொத்த உள்நாட்டு உற்பத்திக்கு உரியதை எடுக்காதீர்கள், அதில் அரசாங்கச் செலவும் கட்டுமானமும் கலந்திருக்கும். தனியார் நுகர்வுக்கு உரிய காரணியை எடுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ரொறன்ரோவில் உழைத்து கொழும்பில் வாங்கிய வீட்டுக் கடனைக் கட்டுகிறவருக்கு, அல்லது இங்கே பெற்றோருக்கு மாதம் அனுப்புகிறவருக்கு, வாங்கும் சக்திக் காரணி பயன்படாது. அந்தக் காசு வங்கி வழியாகத்தான் வரும். அந்த வரிக்கு மட்டும் அன்றைய வங்கி வீதத்தைப் போட்டு, அனுப்பும் கட்டணத்தையும் கழித்து, கனடாப் பக்கத்துச் செலவாக எழுதுங்கள். இரண்டு பக்கத்திலும் எழுதினால் அதே காசு இரண்டு தடவை செலவாகிவிடும்.